அப்பா தவறவிடாத கூட்டங்கள்

எங்க ஊர்க்காரங்க மதுரையில நடத்துற சங்கத்தோட பழைய மினிட்ஸ் நோட்டுகளை ஆவணக் காப்பகத்துக்கு ஸ்கேன் பண்ணித் தர்றேன்னு வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். இன்னிக்குக் காலையில சிம்மக்கல்ல இருக்குற சங்கத்து மாடி ஆபீசுக்குப் போனேன்.

ஒரு பக்கத்துல அப்பாவுக்கு இரங்கல் தீர்மானம். எல்லாரும் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்துனதா எழுதியிருந்துச்சு.

பக்கத்தைத் திருப்புனேன். அடுத்த கூட்டம். வந்தவங்க கையெழுத்துல நாலாவதா அப்பா.

போன மாசம் வரைக்கும் ஒரு கூட்டம் விடலை மனுஷன். உயிரோட இருந்தப்பகூட இம்புட்டு ஒழுங்காப் போனதில்ல.

செயலாளர் அண்ணன்கிட்ட காட்டி, "என்னண்ணே இது?"ன்னு கேட்டேன்.

அவரு அசரவே இல்ல. "ஏழு மெம்பர் கையெழுத்து இல்லாட்டி கூட்டம் செல்லாது தம்பி. எனக்கு உங்கப்பா கையெழுத்துதான் போட வரும்."

இன்னிக்குத் தேதி போட்ட பக்கத்தை என் பக்கம் தள்ளுனாரு. கூட்டத்துக்கு வந்திருந்தவங்க ஆறு பேரு கையெழுத்து இருந்துச்சு.

"இப்பல்லாம் கை நடுங்குது. நீ போடு."

"நான் மெம்பரே இல்லையேண்ணே."

"உன் பேரை யாரு கேட்டா?"

பத்தாவதுல ராங்க் கார்டுல திருட்டுத்தனமாப் போட்டுப் பழகுன கையெழுத்து. ஒரே இழுப்புல வந்துச்சு, அடியில சுழிக்குற கோடோட.

அண்ணன் குனிஞ்சு பார்த்துட்டு, "வந்துட்டாரு, ஆரம்பிக்கலாம்"னாரு.

என்னையும் சேர்த்து ஏழு பேருதான் இருந்தோம். டீ எட்டு வந்துச்சு.



இந்தப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணவா, வேண்டாமா? ராங்க் கார்டுல கைவரிசை காட்டுனவங்க மட்டும் பதில் சொல்லுங்க.