வெளிச்சம் பட்டால் திறக்கும் மருந்து

அந்த ஆய்வுக்கூடத்தில் இருட்டறை என்றாலே அவள்தான். அவளுடைய இளமையில் பாதி அங்கே மங்கலான சிவப்பு விளக்கடியில் கரைந்து போயிருந்தது.

அவள் செய்வது நானோ துகள்கள். கண்ணுக்குத் தெரியாத சிமிழ்கள். உள்ளே புற்றுநோய் மருந்து. ரத்தத்தில் போகும்போது மூடியே இருக்கும். கட்டியின் மேல் நீல ஒளியைப் பாய்ச்சினால்தான் திறந்து, மருந்தை அங்கேயே கொட்டும். மற்ற உறுப்புகள் தப்பிக்கும்.

இதை அக்காவிடம் பெருமையடித்ததுதான் வினை. அக்காவுக்கு மார்பில் புற்று. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும்போதும் குடல் வெளியே வந்துவிடும்போல் வாந்தி. அன்றும் ஏற்றும் நாள். அதனால்தான் விதியை மீறிப் போனை உள்ளே எடுத்து வந்திருந்தாள்.

கவிழ்த்து வைத்த போன் அதிர்ந்தது. திறந்த குடுவையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஏண்டி, நான் வீட்டுக்குக் கிளம்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்."

"மருந்து ஏத்தியாச்சா?"

"இல்ல. உன் மருந்து வரட்டும். அதுவரைக்கும் இந்த விஷம் வேணாம். தெம்பு இல்லடி."

"அக்கா, அத இன்னும் எலிக்குத்தான் போடுறாங்க."

"நானும் எலியாவே இருந்துட்டுப் போறேன்."

அவள் குடுவையைக் குனிந்து பார்த்தாள். மறைத்த கை போதவில்லை. போன் திரையின் நீல வெளிச்சம் பட்டு, பால்போல் இருந்த திரவம் தெளிந்துகொண்டிருந்தது. அத்தனை சிமிழும் திறந்துவிட்டன.

"போச்சுக்கா. உன் போன எடுத்தேன், அந்த வெளிச்சத்துலயே எல்லாம் திறந்துக்கிச்சு. ஒரு மாச வேலை."

"போன் வெளிச்சத்துக்கே வாயப் பொளக்குமா? இதுக்குத்தான் அவ்வளவு பீத்திக்கிட்டியா?"

"ஆமா. அது இன்னும் பச்சக் குழந்தைக்கா. உனக்கு வந்து சேர வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் நீ இருக்க வேணாமா?" குரல் உடைந்தது.



"அழாத. உங்க லேப் மேடம் திட்டுவாங்களா?"

"கிழிச்சுத் தொங்க விடுவாங்க."

"வாங்கிக்க. சாயந்திரம் நேரா இங்க வந்துடு. வாந்தி எடுக்கறப்ப தலையப் பிடிக்க ஆள் வேணும்."

அக்கா போனை அணைக்க மறந்துவிட்டாள். செருப்புகள் தரையில் இழுபடும் சத்தம். பிறகு ஒரு நர்ஸின் குரல்: "எங்கம்மா போயிட்டீங்க? உங்க கட்டில் காலியாத்தான் கிடக்கு."

அவள் பெரிய விளக்கைப் போட்டாள். குடுவையை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு நடந்தாள்.