மூன்று மாதக் கடை

தையல்கார அக்காவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பத்து ஊசி உள்ள பாக்கெட்டையே பிரித்து எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவாள். மாடிப்படிக்குக் கீழே உள்ள கடையில் இருபத்தாறு வருஷமாக மிஷின் மிதிக்கிறாள். வாய்ப்பேச்சில் பிடித்த இடம், ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அதனால் வரி, லைசென்ஸ் என்று கையில் படிவத்தோடு யார் வந்து நின்றாலும் ஒரே பதில்தான்: "வந்து மூணு மாசம்தாங்க ஆச்சு."

போன வருஷம் ஒரு பெண் வந்து, தெருவின் வரலாற்றைச் சேகரிக்கிறோம் என்றாள். அவளுக்கும் அதே மூணு மாசம்தான்.

"அதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சுக்கா?"

"பூட்டிக் கிடந்துச்சு."

அதற்குப் பிறகுதான் ஆட்கள் எதிரே நின்று போனைக் கடைக்கு நேராகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள், பத்து வருஷம் இருந்தவர்களுக்கு மட்டும்தான் புதுக் கட்டடத்தில் இடம் என்று ஏற்கெனவே பேச்சு. இவர்கள் அளக்க வந்த ஆட்களேதான்! அக்கா வாசலில் திரையை இழுத்து விட்டாள்.

"அட, அளக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த வரலாறு கேட்ட பொண்ணு போன்ல போட்டது. இதப் பாருங்க" என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் தன் போனை நீட்டினார்.

போனுக்குள் அதே தெருதான், ஆனால் இருபது வருஷம் பின்னால். கடிகாரக் கடைக்கு நேராகப் பிடித்தால் கடிகாரக்காரர் குரலே பேசியது. மருந்துக்கடைக்கு மேல் இவருடைய அப்பா போட்ட பழைய பலகை தொங்கியது. தன் கடைக்கு நேராகப் பிடித்தாள். பூட்டிய கதவு. கீழே எழுத்து: நீண்ட காலம் ஆளில்லாத இடம்.

"இடம் குடுக்கிற ஆபீஸ்லயும் இதைத்தான் பார்க்கிறாங்களாம்" என்றார் அவர்.

பாவி, சொந்த வாயாலேயே கெடுத்துக்கொண்டாள்! அன்று ஒரு தையல்கூட நேராக விழவில்லை.

அந்தப் பெண்ணை வரவழைத்தாள். அவள் நெற்றியைச் சுருக்கினாள். "அன்னைக்கு மூணு மாசம்னீங்க. இன்னைக்கு இருபத்தாறு வருஷம்ங்கறீங்க. எதைக்கா நம்பறது?"

தன்னையே ஒருத்தி சந்தேகப்படுவது அக்காவுக்குச் சுருக்கென்றது. பரணிலிருந்து அளவு நோட்டுகளை இறக்கினாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி, ஆள், அளவு, குண்டூசியில் குத்திய துணித் துண்டு. மருந்துக்கடைக்காரர் இடுப்பு முதல் நோட்டில் இருபத்தெட்டு. நடுவில் முப்பத்து நாலு. போன மாதம் நாற்பத்திரண்டு.

"இதையெல்லாமா காட்டுவீங்க?" என்று அவர் வயிற்றை உள்ளே இழுத்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"இது போதும்க்கா. மாத்திடறேன். நோட்டை எடுத்துட்டுப் போகட்டுமா?"

"தொடாதே! இங்கேயே படம் எடு."

எடுத்து முடிக்கும்வரை அக்கா பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கிளம்பியபோது அக்கா டேப்பை உருவி, "கையை நீட்டு" என்றாள்.

"எனக்கு எதுவும் தைக்க வேண்டாம்க்கா."

"தைக்க யார் கூப்பிட்டா? நாளைக்கு நீ இங்க வரவே இல்லன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?"

நோட்டில் தேதி போட்டாள். தோள் பதினாலு, கை இருபத்தொண்ணு. அவள் துப்பட்டா ஓரத்தில் பிரிந்து தொங்கிய துணியைக் கொஞ்சம் வெட்டி, பக்கத்தில் குத்தி வைத்துக்கொண்டாள்.