ளுஹரில் நின்ற பாட்டு

நான் படித்தது உயர்தரத்தில் கணிதப் பிரிவு, பிறகு ஒலிப்பதிவுத் தொழினுட்பம், அதன் பிறகுதான் சங்கீதப் பட்டம். இந்த வரிசையை எங்கள் ஊரில் எல்லோரும் முதலாவதோடு நிறுத்திக்கொள்வார்கள். "கணக்குப் படிச்ச புள்ள, என்னத்துக்குகா பாட்டுப் படிப்பிக்கிற?" என்று மாமி இன்றைக்கும் கேட்கிறார்.

நான் இசையமைக்கிறேன். ஒரு ராகத்தைப் பல குரல்களுக்குப் பிரித்து எழுதுகிறேன். எழுதியவற்றில் பெரும்பாலானவை கணினியில் மட்டும் ஒலித்தவை. மனிதக் குரலில் கேட்க எனக்கிருந்த ஒரே இடம், கல்முனைப் பக்கம் நான் படிப்பிக்கும் பெண்கள் பாடசாலையின் சங்கீத வகுப்பு. பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைச் சித்திரப் பாடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வலயப் போட்டியில ஒரு இடம் எடுத்துத் தாங்க டீச்சர். அதக் காட்டிப் பாடத்த வெச்சிக்குவன். இல்லாட்டி, கணிதத்துக்கு ஆள் இல்லாம இரிக்கி" என்றார் அதிபர்.

பாடசாலை விட்ட பிறகு பயிற்சி. பின்னேரத் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு கேட்டதும் நிறுத்துவோம். எங்களைச் சுற்றிப் பள்ளிவாசல்கள் பல; ஒன்று முடியும்போது இன்னொன்று தொடங்கும். முதல் பாங்குக்கு நிறுத்தினால் கடைசிப் பாங்கு முடிந்துதான் தொடர்வது. யாரும் போட்ட சட்டமில்லை, வழக்கம்.

போட்டி பாண்டிருப்பில் ஒரு பாடசாலையில். சுருதிப் பெட்டி, மாற்று பற்றரி, தண்ணீர், பர்தாவுக்குக் குண்டூசி என்று எல்லாம் சரிபார்த்துத்தான் கூட்டிப்போனேன். நண்பகல் தொழுகையான ளுஹருக்கு நிறைய முன்னதாகவே எங்கள் முறை. ஆனால் பிரதம விருந்தினர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பாங்கு நேரம் நெருங்கியதும், முறையை மாற்றித் தரும்படி அறிவிப்பாளரிடம் கேட்டேன். "சின்னப் பாட்டுத்தானே டீச்சர், பாடிட்டு இறங்குங்க" என்று மேடைக்கு அனுப்பினார்.

முதல் பகுதி நன்றாகவே போனது. கீழ்க்குரல் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சுருதி விலகாமல் நின்றார்கள். இரண்டாம் பகுதியின் நடுவில், அடுத்த ஊர் மருதமுனைப் பக்கமிருந்து பாங்கு காற்றில் வந்தது. முன்வரிசைப் பிள்ளை வாயை மூடினாள். அடுத்தவள் மூடினாள். பிறகு எல்லோரும். சுருதிப் பெட்டி மட்டும் ரீங்கரித்தது. நான் அதை அணைத்தேன். தொடருங்கள் என்று கையைத் தூக்கியிருந்தால் பாடியிருப்பார்களோ என்னவோ. என் கை எழவில்லை. முதல் பாங்கு முடிய முன்னரே அடுத்தது வந்தது. அது முடிய முன்னரே எங்கள் நேரம் முடிந்த மணி அடித்தது.

நடுவர் அம்மா கோபப்படவில்லை. "குரல் நல்லாயிருக்கு பிள்ளையள். பாதிப் பாட்டுக்கு நான் எப்பிடிப் புள்ளி போடுற?" என்றார். அவர் சொன்னது நியாயம்.

பஸ்ஸில் யாரோ ஒருத்தி அழுதாள். முன்வரிசைப் பிள்ளை என் பக்கம் திரும்பினாள். "டீச்சர், நாங்க நிப்பாட்டல்ல. அது தானா நிண்டிட்டு."

"ஓம், விளங்கிச்சு" என்றேன்.

"அந்த ஆள் பேச்ச நிப்பாட்டத்தான் ஒரு பாங்கும் வரல்ல" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அழுதவளும் சிரித்துவிட்டாள்.

பாட்டை நிறுத்திய செய்தி எங்களுக்கு முன்னரே ஊருக்குப் போயிருந்தது. பிள்ளைகளைச் சித்திரத்துக்கு மாற்றிய தாய்மார்கூட, நல்ல வளர்ப்பு என்று வட்ஸ்அப்பில் பாராட்டியிருந்தார்கள். மறுநாள் அதிபரும் பாராட்டினார். "எனக்குப் பெருமை டீச்சர். அல்லாஹ்ட உதவியால பள்ளிக்கூடத்துக்கு நல்ல பேரு." பிறகு, "ஆனா இடம் கிடைக்கல்லயே" என்றார்.

"பாராட்டினவங்க புள்ளைகளத் திரும்ப அனுப்புவாங்களா சேர்?"

அவர் சிரித்தார். மேசையிலிருந்த எட்டாம் தரக் கணிதப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். வாதாடலாம், என்ன சொல்லலாம் என்று வரும் வழியிலேயே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். சங்கீத வகுப்பு இனி இல்லை என்று பிள்ளைகளுக்கு யார் சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.