மிதந்து வந்த கணையம்

இது நடந்த கதை. நடந்தபோது அந்த அறையில் இருந்தவள் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறாள். பொய் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிப் பாருங்கள், அப்புறம் உங்கள் பாடு. நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கலாம். அவளும் எதையும் நம்பாதவள்தான். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "ஒரு துண்டு வெட்டிட்டு வாங்க, ஸ்லைடு போட்டுப் பாத்துச் சொல்றேன்" என்பாள்.

பேய் நடுராத்திரியில்தான் வரும் என்று எவன் சொன்னானோ தெரியாது. இது பட்டப்பகலில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தபோது.

அவள் ஒரு மருத்துவக் கல்லூரியில் திசுவியல் ஆசிரியை. மாணவர்கள் வைத்த பெயர் சண்டைக்கோழி. அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் நடக்கும் செய்முறைத் தேர்வு நல்லபடியாக முடிந்தால் போடுவதாகச் சொல்லியிருந்தார். அவளுக்குப் பின்னால் அப்பா மருந்துச் செலவு, தங்கச்சி படிப்பு என்று ஒரு குடும்பமே அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

தேர்வுக்கு வேண்டியது செரிமானச் சுரப்பிகளின் ஸ்லைடுகள். அந்தத் துறையில் அவற்றுக்கு 'தங்க செட்' என்று பெயர். உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பை, கணையம், கல்லீரல். நான்கும் மெழுகுக் கட்டிகளாக ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பழைய பேராசிரியர் செய்து வைத்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், புகழ் மட்டும் நின்றது. அவ்வளவு சுத்தமான திசு வேறெங்கும் கிடைக்காது என்பார்கள். கைராசி என்பார்கள். அதில் கல்லீரல் ஸ்லைடு மட்டும் சாயம் வெளுத்துப் போயிருந்தது. புதிதாகச் சீவி வைக்கும்படி தலைவர் சொல்லியிருந்தார். சீவும் உதவியாளர் விடுப்பில் இருந்ததால் அவளே வந்து உட்கார்ந்தாள்.

வேலை இதுதான். மெழுகுக் கட்டியை எந்திரத்தில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினால் வெங்காயச் சருகைவிட மெல்லிய நாடா வரும். சுருக்கம் போக அதை வெந்நீர்த் தட்டில் மிதக்க விட்டு, கண்ணாடியால் அள்ளி எடுத்துச் சாயம் போட வேண்டும். இதில் ஒரே ஒரு கண்டம் உண்டு. முன்பு சீவிய திசுவின் துணுக்கு தண்ணீரில் தங்கிவிட்டால், அடுத்த ஸ்லைடில் வந்து ஒட்டிக்கொள்ளும். மிதவை என்பார்கள். அந்தத் தொழிலில் அதைவிடத் தலைகுனிவு கிடையாது.

முதல் ஸ்லைடைப் பார்த்தாள். கல்லீரல் அழகாக வந்திருந்தது. அறுகோண வீடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ரத்தக்குழாய்த் துளை, அதைச் சுற்றி வரிசை வரிசையாகச் செல்கள். ஆனால் ஓரத்தில் வேறு ஏதோ ஒட்டியிருந்தது.

உமிழ்நீர்ச் சுரப்பி. சந்தேகமே இல்லை. வெளிறிய சளிச் செல்கள், அவற்றின் தலையில் பிறைபோலக் கவிந்த கருத்த செல்கள்.

அன்று அவள் கல்லீரலைத் தவிர எதையும் சீவவில்லை.

"தட்ட கழுவாமப் போயிருக்கான் கடன்காரன்" என்று விடுப்பில் போனவனைத் திட்டிவிட்டுத் தண்ணீரைக் கொட்டினாள். தட்டைத் தேய்த்தாள். கத்தியை மாற்றினாள். மறுபடி சீவினாள்.

இரண்டாவது ஸ்லைடில் இரைப்பைச் சுரப்பி இருந்தது. நீண்ட குழாய்கள், இடையிடையே பொரித்த முட்டை மாதிரி உருண்டையான அமிலச் செல்கள். வாய் முடிந்து வயிறு. சாப்பாடு போகும் வழியிலேயே வருகிறதே என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

பசியும் வந்தது. ஆய்வகத்தில் சாப்பிடக் கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டதே அவள்தான். ஊருக்கு உபதேசம். மூன்றாவது ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே டப்பாவைத் திறந்து சோற்றை முன்னால் வைத்துக்கொண்டாள். ஒரு கண்ணால் குழாய்க்குள் பார்த்தாள்.

கணையம்.

சோற்றுக்குப் போன கை நின்றது.

காரணம் இருக்கிறது. கணையம் மற்ற உறுப்புகளைப் போல இல்லை. சோற்றையும் இறைச்சியையும் கரைக்கும் நொதிகளை அது தன் செல்களுக்குள் சிவந்த மணிகளாகக் கட்டி வைத்திருக்கும். உடம்பு செத்ததும் கட்டு அவிழ்ந்துவிடும். அது தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் கலங்கிய கூழ். பிணத்திலிருந்து எடுத்த கணையத்தில் உருப்படியாக எதையும் பார்க்க முடியாது.

இது கலங்கவே இல்லை. திராட்சைக் கொத்துபோலச் சுரப்பிக் குலைகள். நடுநடுவே இன்சுலின் சுரக்கும் வெளிறிய திட்டுகள். ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் சிவந்த மணிகள் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தன. பசித்திருக்கும் உடம்பில் அப்படித்தான் இருக்கும்.

தகரப் பெட்டியைத் திறந்தாள். கணையக் கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தாள். மெழுகின் மேல் புதிதாகக் கத்தி போன கோடுகள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

'...க்ளக்.'

வெந்நீர்த் தட்டுப் பக்கமிருந்து. யாரோ ஒரு மிடறு விழுங்குவது போல.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"இங்க ஒரு சத்தம் கேக்குது."

"நீ தனியாவா இருக்க?"

"ஆமா."

"அப்ப அது பாவம், பயந்துபோயி கத்துது."

அவள் சிரித்தாள். போனை வைத்தாள். மறுபடி குழாயில் கண்ணை வைத்தாள்.

மணிகள் குறைந்திருந்தன.

சாயம் போட்டு, பிசின் ஊற்றி, கண்ணாடி மூடிய திசு அது. கல்லில் செதுக்கியதும் அதுவும் ஒன்று. அதில் எதுவும் அசைய முடியாது. ஆனால் செல்கள் வெறுமையாகிக்கொண்டு வந்தன. குலைகளின் நடுவே இருந்த நாளத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ நிறைந்துகொண்டு வந்தது. சாப்பாடு எதிரில் வந்ததும் சுரக்குமே... அப்படி.

அவள் டப்பாவைப் பார்த்தாள். சோறு வைத்தபடி இருந்தது. அவள் ஒரு வாய்கூட உண்ணவில்லை.

'...க்ளக்.'

அவள் வாயில் எச்சில் ஊறியது.

விழுங்கினாள். மறுபடி ஊறியது. நாக்கடியில், கன்னத்தில், தாடைக்குக் கீழே, அத்தனை சுரப்பியும் திறந்துகொண்டது. கடைவாயில் வழிந்தது. துடைத்தாள். வழிந்தது.

தாடைக்குக் கீழே சுரீரென்று வலித்தது.

ஓடலாம் என்று கால் சொன்னது.

அவள் ஓடவில்லை. பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஆனால் பயத்தைவிடக் கோபம் ஒரு பிடி அதிகமாக இருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"யாரு நீ? என்ன பயமுறுத்தி என்ன கிடைக்கப்போவுது உனக்கு? சொல்றதுக்கு இருந்தா சொல்லு. வாயில்லன்னா காட்டு. பாக்கத்தான நான் இங்க உக்காந்திருக்கேன்!"

எந்திரத்தின் சக்கரம்...

கிர்ர்...

டக்.

ஒரே ஒரு சுற்று.

தண்ணீரில் ஒரு துண்டு நாடா மிதந்தது. அவள் விடாத நாடா.

அதைக் கண்ணாடியால் அள்ளினாள். சாயம் போட்டாள். பார்த்தாள்.

அதே கணையம். ஆனால் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட ஓரம் தெரிந்தது. அந்த ஓரம் முழுக்க ரத்தம் திசுவுக்குள் பாய்ந்து பரவியிருந்தது. அதனூடே வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்றன. காயம் பட்ட இடத்துக்கு அவை அப்படித்தான் ஓடி வரும். ஆனால் ஓடி வர உயிர் வேண்டும். நேரமும் வேண்டும்.

எச்சில் நின்றுபோனது. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து. அதற்குப் பிறகு அந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

சாயங்காலமே துறைத் தலைவரை வீட்டில் போய்ப் பிடித்தாள். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தார். சத்தம், எச்சில் எதையும் அவள் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டாள்.

"தங்க செட்டு எங்கருந்து வந்துச்சு சார்?"

"ஆபரேஷன்ல எடுத்தது."

"நாலு கட்டியிலயும் ஒரே நம்பர் இருக்கு. ஒரே ஆளுக்கு நாலும் ஆபரேஷனா?"

தண்ணீர் ஒரே செடியில் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அனாதப் பொணம்மா. அப்ப நான் படிச்சிட்டிருந்தேன். பேராசிரியர் எடுத்தாரு, நான் ஜாடியப் புடிச்சேன், அவ்வளவுதான். நீ பாத்தது ஏதோ மிதவை. அத ஒடச்சுப் போட்டுட்டு நாளைக்குத் தேர்வப் பாரு. நாளான்னிக்கு உனக்குக் கையெழுத்தப் போட்டுர்றேன்."

"பொணத்துக்கு வெள்ளணு ஓடி வருமா சார்?"

"யாரு கேக்கப்போறா? செத்தவங்களா வந்து கேப்பாங்க?"

"வந்து கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

மறுநாள் தேர்வில் வரிசையாக நுண்ணோக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லைடு, பக்கத்தில் ஒரு கேள்விச் சீட்டு. கடைசி நுண்ணோக்கியில் அவள் அந்த ஸ்லைடை வைத்தாள். சீட்டில் தன் கையாலேயே எழுதினாள்: 'இந்தச் சுரப்பி எது? வெட்டப்பட்டபோது உடல் உயிருடன் இருந்ததா? காரணம் கூறுக.'

அறுபது பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். சுமாராகப் படிப்பவன்கூட, 'கணையம். உயிருடன் இருந்தது' என்று எழுதிவிட்டுப் போனான். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா விடைத்தாள்களைப் பார்த்தார். எழுந்து போய்க் குழாயில் கண்ணை வைத்தார். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

"இது யாரோடது?" என்றார்.

துறைத் தலைவர் பாய்ந்து வந்து ஸ்லைடுக்குக் கை நீட்டினார். சண்டைக்கோழி குறுக்கே நின்றாள்.

"தொடாதீங்க சார். என் வேலை வேணும்னா எடுத்துக்கங்க. இத மட்டும் விட மாட்டேன்."

வேலையை எடுத்துத்தான் விட்டார்கள். ஆனால் அதற்குள் ஸ்லைடும் தகரப் பெட்டியும் தேர்வாளர் அம்மாவோடு போய்விட்டன. விசாரணை வந்தது. அந்த மிதவைகள் எப்படி வந்தன, அந்தச் சக்கரம் எப்படிச் சுற்றியது என்று இன்றுவரை அவளால் சொல்ல முடியவில்லை. சொல்ல முயற்சி செய்யவும் இல்லை.

அந்தக் காலத்தில் பிணவறையில் அட்டெண்டராக இருந்தவரை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு ஒற்றை அறை. நல்ல மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை, ஏதோ விந்தையைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"நல்லா ஞாபகம் இருக்கும்மா. பொம்பளைப் புள்ள, வயசு இருவது இருக்கும். வார்டுலருந்து முகத்த மூடித்தான் கொண்டாந்தாங்க. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடலன்னு பேசிக்கிட்டாங்க. மொதல்ல வயித்தத் தொறந்து வெட்ட ஆரம்பிச்சாரு. பாதியில அவர யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டு ரொம்ப நேரங்கழிச்சு வந்து மிச்சத்த எடுத்தாரு. கடைசியாத்தான் தாடைக்குக் கீழ கத்தி வச்சாரு. தலையப் புடிச்சிட்டிருந்தது நாந்தான்."

"அப்புறம்?"

"ஒண்ணே ஒண்ணுதான் புரியல. எனக்கு மதியச் சாப்பாடு வந்து அந்த மேசையிலேயே இருந்துச்சு. அதத் தொறந்து வச்ச நேரத்துலருந்து அந்தப் புள்ள வாயில எச்சில் வழிய ஆரம்பிச்சிருச்சும்மா. துணி வச்சுத் தொடச்சேன். தொடைக்கத் தொடைக்க ஊறிக்கிட்டே இருந்துச்சு."