உமிச் சாம்பலும் ஜீவரட்ணம் அண்ணையும்

டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் வைக்கோல் எரிக்கும் பொயிலர் செய்கிற எங்கள் பட்டறையில் ஜீவரட்ணம் அண்ணைக்குச் சாம்பல் அள்ளுகிற வேலை. நான் வெல்டிங். காலையில் நாங்கள் சைக்கிளை உள்ளே தள்ளும்போதே அவர் முகமூடியோடு நிற்பார். வைக்கோல் சாம்பலுக்கு இவ்வளவு பயமா என்று பகிடி பண்ணுவோம். அவர் முகமூடியை இன்னும் இறுக்கிக் கட்டுவார்.

போன வருடம் கிளிநொச்சி அரிசி மில் ஒன்றுக்குப் பொயிலர் கேட்டார்கள். உமியை எரித்து நெல் அவிக்க வேண்டும். சாம்பலைச் சீமெந்தோடு கலந்து அச்சில் போட்டு, வீடு கட்டக் கல் அரிய வேண்டும். பரிசோதிக்க இத்தாலியிலிருந்து உமி வந்து இறங்கியது.

எஞ்சினியர் நெருப்பைக் கூட்டிக்கொண்டே போனார். நீராவி சீறியது. சாம்பல் வெள்ளை வெளேரென்று விழ, எல்லோரும் கைதட்டினோம். ஜீவரட்ணம் அண்ணை முகமூடியைக் கழற்றினார். ஆறிய சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து, உமிக்கரியால் பல் விளக்குவதுபோல் பல்லில் தேய்த்துத் துப்பினார்.

“தம்பி, இது அளவுக்கு மிஞ்சி எரிஞ்சு போச்சு. மணல் மாதிரி நறநறக்குது. கல் இறுகாது. தூள் நெஞ்சுக்கும் கூடாது. நெருப்பைக் குறைக்கச் சொல்லு.”

டேனிஷில் சொன்னேன். எஞ்சினியர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஜீவரட்ணம் அண்ணை சாம்பல் அள்ளும் சவளைத் தொடவில்லை. “இதை நான் அள்ளமாட்டன். அங்க கிளிநொச்சியிலயும் ஒருத்தரும் அள்ளக் கூடாது.”

அள்ளாவிட்டால் வேலை போகும் என்றார் முதலாளி. அப்போதுதான் தன்னுடைய அரைகுறை டேனிஷில் ஜீவரட்ணம் அண்ணையே பேசினார். இளவயதில் அவரும் தம்பி பேனாட்டும் ஊரில் ஓர் அரிசி மில்லில் வேலை செய்தார்களாம். தம்பி வெள்ளைச் சாம்பல் அள்ளினான். ஐந்தே வருடம். இருமி இருமியே செத்துப்போனான்.

“அங்க நெருப்பைக் கூட்டினது நான்தான்,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சாம்பல் ஆய்வுகூடத்துக்குப் போனது. அவர் பல் சொன்னதையே அவர்களும் எழுதி அனுப்பினார்கள். நெருப்பைக் குறைத்தோம். சாம்பல் சாம்பல் நிறத்திலேயே விழுந்தது. அதில் அரிந்த கல்லை எஞ்சினியர் சுத்தியலால் அடித்தும் உடைக்க முடியவில்லை.

போன மாதம் கிளிநொச்சி மில்லிலிருந்து எங்கள் பொயிலர் எரிகிற வீடியோ வந்தது. சாப்பாட்டு அறையில் எல்லோரும் என் ஃபோனைச் சுற்றி நின்று நெருப்பைப் பார்த்தோம். ஒரு மூலையில் ஒரு பெண் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தாள். ஜீவரட்ணம் அண்ணை ஃபோனை வாங்கி, சத்தத்தை முழுதாகக் கூட்டி, காதோடு வைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம். முடியும்வரை கேட்டார்.

“அவ இருமேல்லை,” என்றார். பிறகு கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.