நைனா, துன்னியா?

நான் கவிதை எழுதறது தமிழ்ல. எழுத்து மட்டும் தெலுங்கு. கேக்கறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். ஆந்திராவுல, சாந்திபுரத்துல நான் படிச்ச இஸ்கூல்ல தெலுங்குதான் சொல்லித் தந்தாங்க. வீட்டுல நைனாவும் அம்மாவும் பேசினது தமிழ். வாயில வர்ற தமிழைக் கைக்குத் தெரிஞ்ச எழுத்துல எழுதிக்கினே வந்தேன். தமிழ் எழுத்தை அப்பால நானே கத்துக்கினேன், ஆனா பஸ்ஸு போர்டு படிக்கிற அளவுக்குத்தான் ஓடும்.

இப்போ திருப்பதியில ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை. ரிப்போர்ட்டு இங்கிலீஷு, வர்றவங்ககிட்ட தெலுங்கு, கோவம் வந்தா தமிழ். இங்க எங்களை அரவக்காரங்க, அதான் தமிழ்க்காரங்கன்னுவாங்க. வேலூருக்குக் கல்யாணத்துக்குப் போனா, "தெலுங்குப் பொண்ணா?"ன்னுவாங்க. ரெண்டு பக்கமும் பதில் சொல்லிக்கினே இருந்தா பொழப்பு ஆவுமா?

போன வருசம், ஆந்திராவுல கீற தமிழ்க்காரங்க கவிதையெல்லாம் சேத்து புக்கு போடறோம்னு சென்னையிலேர்ந்து ஒரு சார் கேட்டாரு. என் கவிதையைப் படிச்சு வாட்ஸ்அப்புல வாய்ஸா அனுப்பினேன். அது நைனாவைப் பத்தினது. குப்பம் பக்கம் கல்லு ஒடைக்கிற கூலியா இருந்தவரு, இப்போ சொந்தமா கொஞ்சம் நெலத்துல தக்காளி போடறாரு. தெனமும் சாயங்காலம் போன் பண்ணி நான் மொதல்ல கேக்கறது, "நைனா, துன்னியா?" வெல விழுந்தாலும், மழை ஏமாத்தினாலும், இங்கேர்ந்து என்னால கேக்க முடிஞ்சது அவ்ளோதான். அதைத்தான் எழுதினேன்.

புக்குல வர்ற கவிதைங்களைப் படிக்க, திருப்பதியிலயே ஒரு கூட்டம் வெச்சாங்க. நைனா வெளுத்த வேட்டி கட்டிக்கினு மொதல் பஸ்ஸுல வந்துட்டாரு. எம் பொண்ணு மைக்குல பேசுதுன்னு பக்கத்து சீட்டுக்காரங்களுக்கெல்லாம் சொல்லிக்கினே வந்திருக்காரு.

மேடை ஏறப் போறப்போ சார் ஒரு தாளைக் குடுத்தாரு. தமிழ்ல அழகா அச்சடிச்சிருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். "தந்தையே, உணவு உண்டீரா?"

எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. "இன்னா சார் இது?"

"துன்னுறதுன்றது கொச்சைம்மா. புக்குன்னு வந்தா நாலு பேர் மதிக்கணும் இல்ல? உங்க நல்லதுக்குத்தான் திருத்தினேன்."

நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு, அதுல குத்தமில்ல. "அந்தத் தந்தை யாருன்னே எனக்குத் தெரியாது சார்"ன்னேன். "எங்க நைனா கடைசி வரிசையில உக்காந்துகினு கீறாரு. அவருக்குப் புரியாத கவிதை எனக்கு எதுக்கு? நான் சொன்ன மாதிரி போட்டா போடுங்க, இல்லன்னா எடுத்துடுங்க."

காக்காவுக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே. மொதமொதல்ல என் எழுத்து அச்சுல வரப்போவுது, அதையே வேணான்னுட்டு நிக்கறேன். "மொதல்ல படிங்கம்மா, அப்புறம் பாக்கலாம்"ன்னாரு சார்.

மேடையில என் தெலுங்கு எழுத்துத் தாளையே பிரிச்சேன்.

"தக்காளியை ரோட்டுல கொட்டிட்டாங்களாமே,
நைனா, துன்னியா?
போருல தண்ணி நின்னுடுச்சாமே,
நைனா, துன்னியா?"

முடிச்சு நிமிர்ந்தேன். யாரும் கை தட்டறதுக்குள்ள, கடைசி வரிசையில நைனா எழுந்து நின்னாரு. போன்ல பேசற அதே சத்தத்துல, "துன்னுட்டேம்மா! நீ துன்னியா?"ன்னாரு.

கூட்டமே கொல்லுன்னு சிரிச்சுது. சாரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கினே தன் தாளை மடிச்சுப் பையில போட்டுக்கினு, "நீங்க படிச்ச மாதிரியே வரும்மா"ன்னாரு. நைனா அதையெல்லாம் காதுல வாங்கல. பதிலுக்கு நின்னுகினே இருந்தாரு. பயத்துல எனக்குக் காலையிலேர்ந்து பச்சத்தண்ணி கூட எறங்கல.

"இன்னும் இல்ல, நைனா"ன்னு மைக்குலயே சொன்னேன்.