கடைசி அங்கத்தை ரூத் வாசித்த சனிக்கிழமை

சபையில் எழுந்து நின்று பேச என்னால் முடியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் ஒரு மலேசியத் தமிழ் நாளிதழில் ஜொகூர் மாநில நிருபராக இருந்தவள். எத்தனையோ சாலை விபத்துகளை நான்கைந்து வரிகளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். சென்ற ஆண்டு என் மகன் ஜோயலும் அப்படி ஒரு செய்தியானான். சிங்கப்பூரில் இரவு வேலை முடித்துக் கூலாயில் எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவன், வழியை விட்டு விலகியிருக்கும் தெப்ராவில் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்தான்.

அவன் தங்கை ரூத் அழவில்லை. அடக்கத்தின்போதும் இல்லை, பிறகும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். தட்டில் போட்டதில் பாதியை ஒதுக்கினாள். அண்ணன் பெயரை யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவாள். அவளுடைய பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கிக்கொண்டிருந்தது. “கர்த்தாவே, இவளை அழவையும்” என்று தினமும் ஜெபித்தேன். ஒரு தாய் கேட்கக்கூடாத ஜெபம் போலிருந்தது. ஆனாலும் கேட்டேன்.

தமிழ் இலக்கியத்தைப் பள்ளி நேரத்தில் நடத்துவதில்லை. எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் சபை மண்டபத்தில் படிக்கிறார்கள். பெற்றோர் முறைவைத்துத் தேநீர் கொண்டுபோவோம். பாடநூலில் ஒரு பழைய துன்பியல் நாடகம். வதந்தியை நம்பிய அரசன் தன் மகனையே கொல்ல ஆணையிடுகிறான். கடைசி அங்கத்தில், அந்த உடலருகே தங்கை புலம்புகிறாள். மாலா டீச்சர் எதையும் நடிக்கவைத்துத்தான் நடத்துவார். யாருக்கு என்ன வேடம் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும்.

தங்கை வேடம் ரூத்துக்கு விழுந்தது.

டீச்சரிடம் ஓடினேன். “மாத்திடலாம் அக்கா, ஒண்ணும் பிரச்சின இல்ல. ஆனா அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்” என்றார். ரூத் தலையாட்டி மறுத்தாள். “பரவால்ல டீச்சர். நானே படிக்கிறேன்.”

அந்த வாரம் என் ஜெபம் மாறியது. மழை கொட்டட்டும், வகுப்பு ரத்தாகட்டும், டீச்சருக்குக் காய்ச்சல் வந்தாலும் பரவாயில்லை என்றுகூடக் கேட்டேன். சனிக்கிழமை நல்ல வெயில். தேநீர் முறையும் என்னுடையதே.

வகுப்பில் ஆண் பிள்ளைகள் குறைவு. இளவரசன் வேடம் தர்ஷினிக்கு. எப்போதும் சிரிக்கவைக்கும் பெண். “செத்துட்டா வசனமே இல்ல, ஜாலி லா!” என்று நாற்காலிகளைச் சேர்த்துப்போட்டுப் படுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

ரூத் வாசிக்கத் தொடங்கினாள். தெளிவாகத்தான் வாசித்தாள். பாதியில் நின்றாள். புத்தகத்தை மூடினாள்.

“ஏண்டா தெப்ராவுக்குப் போன?” என்றாள். “அந்தக் கட நாசி லெமாக் சோறு வாங்கிட்டு வான்னு நான் கேட்டா, ஒடனே போயிடுவியா? மழ பெய்யுதுன்னு சொல்லியிருக்கலாம்ல? நான் கேக்காம இருந்திருந்தா நேரா வீட்டுக்கு வந்திருப்ப.”

எங்கள் யாருக்கும் தெரியாத விஷயம் அது. இத்தனை மாதமும் அவள் அதைத் தனி ஒருத்தியாகவே சுமந்திருக்கிறாள்.

நான் எழுந்தேன். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். ரூத் அந்த உடல்மேல் குனிந்து சத்தமாக அழுதாள். தர்ஷினி எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. அவள் கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. துடைக்காமல், ரூத் அழுது முடியும்வரை பிணமாகவே கிடந்தாள்.

காரில் ரூத்திடம் சொன்னேன்: “நீ கேக்கலன்னாலும் அவன் அங்கதான்மா போவான். வாரம் தவறாம அந்தக் கடையில போய் நிப்பான்.”

“நெசமாவாம்மா?”

“நெசமாத்தான்.”

தற்செயல் என்று சிலர் சொல்லலாம். செய்தியாளராக நானும் அதை யோசித்துப் பார்த்தேன். நான் கேட்ட இரண்டு ஜெபங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஆண்டவர் முதலாவதற்குப் பதில் தந்தார். அதற்காகவே இரண்டாவதைத் தள்ளினார் என்று விசுவாசிக்கிறேன்.

ரூத் தேர்வை எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. வீட்டில் இப்போது ஜோயலைப் பற்றிப் பேசுகிறோம். சில நாள் அவன் அடித்த கூத்தைச் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறோம். தேவனுக்கு நன்றி.

உங்கள் வீட்டிலும் ஒருவர் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கலாம். அவருக்காக இன்றே கேளுங்கள். நீங்கள் பயப்படும் கதவைத்தான் ஆண்டவர் திறப்பாரென்றால், அதைப் பிடித்துச் சாத்தாதீர்கள்.